பொற்காசும் விதைத்தானியமும்: கற்பனை நாடொன்றின் பொருளாதாரம் பற்றிய சில சிந்தனைகள்

அரக்கரும் மந்திரவாதிகளும் உலாவுகின்ற கற்பனை நாடொன்றில் ஓர் இறாத்தல் தானியத்தின் விலை யாது என வினவுவது நகைப்புக்கிடமாகத் தோன்றலாம். நெருப்பை உமிழும் பறவைநாகத்தை நம்புகின்ற மனம் தானிய விலையிலே தடுக்கி விழுமா என்று நண்பர்கள் என்னைக் கேட்டதுண்டு. விழும் என்பதே எனது அனுபவம். பறவைநாகத்தை நம்மில் எவரும் கண்டதில்லை. ஆதலின் அதனைப் பற்றிக் கதை சொல்பவன் கூறுவதை ஏற்றுக்கொள்வதில் இடர்ப்பாடில்லை. தானியமோ நாம் எல்லோரும் விலைகொடுத்து வாங்கியது. அங்கே பொய் சொன்னால் உடனே பிடிபட்டுவிடும்.

நான் இங்கு குறிப்பிடுவது மேசையைச் சுற்றியிருந்து ஆடப்படும் பாத்திரமேற்பு விளையாட்டை. கரி கைகக்ஸ், டேவ் ஆர்ணெசன் என்னும் இருவர் ஆக்கிய ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ 1974 இல் ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற சிறு நகரிலிருந்து வெளிவந்தது. அதிலிருந்தே இவ்வகை விளையாட்டுகள் பெருகின. ஒருவர் கதைநடத்துநராக இருந்து நாட்டையும் ஊரையும் பகைவரையும் படைத்துரைப்பார். ஏனையோர் ஒவ்வொரு பாத்திரத்தை ஏற்று, இன்ன இடத்தில் இன்னது செய்வேன் என்பர். ஐயத்துக்குரிய செயலின் முடிவை இருபது முகங்கொண்ட தாயக்கட்டை தீர்மானிக்கும். ஒரு கதை ஆண்டுக்கணக்கில் நீளுவதுமுண்டு. எங்கள் குழு 2022 மார்ச்சு இறுதியில், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டு நிலவிய நாட்களில் தொடங்கியது. மின்சாரம் வேண்டாத பொழுதுபோக்கு வேறொன்றும் அகப்படாமையே காரணம் எனலாம். ஐந்து மாணவர்களும் கதைநடத்துநராக நானும் இருந்தோம். இருபது முகக் கட்டை கிடைக்கும்வரை ஒரு பால்மாப் பேணிக்குள் எண்ணிட்ட சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினோம்.

பொருளியல் கற்பிக்கும் ஒருவன் இவ்விளையாட்டின் விதிநூலைப் புரட்டினால் அவன் கண் முதலில் விலைப்பட்டியலிலேதான் நிலைக்கும். 2014 ஆம் ஆண்டுப் பதிப்பிலே ஒரு பொற்காசு பத்து வெள்ளிக்காசுக்கும் நூறு செப்புக்காசுக்கும் சமம். பயிற்சியற்ற கூலியாளின் நாட்கூலி இரண்டு வெள்ளிக்காசு. கோதுமை இறாத்தல் ஒரு செப்புக்காசு, கோழி ஒன்று இரண்டு செப்புக்காசு, உப்பு இறாத்தல் ஐந்து செப்புக்காசு. இப்பட்டியலில் நம்மவர்க்கு அறிமுகமான ஒரு பொருளும் உண்டு. கறுவா இறாத்தல் இரண்டு பொற்காசு. ஓர் ஆட்டின் விலையும் அதுவே. அதாவது ஓர் இறாத்தல் கறுவாவுக்கு ஒரு கூலியாள் பத்து நாள் உழைக்க வேண்டும். இவ்விலையிலே தவறு இல்லை. கறுவா விளையாத நாட்டில் நின்று எழுதப்பட்ட விலை அது. கறுவாப்பட்டை உரிப்பவன் பத்து நாள் உழைத்தால் அவன் கையில் எஞ்சுவது எத்தனை செப்புக்காசு என்பதைப் பட்டியல் சொல்லாது. விலை என்பது ஓர் இடத்தில் நின்று பார்க்கும் பார்வை என்பதை நான் மாணவர்களுக்கு விளக்க முயன்ற நாட்களில் இவ்வொரு வரி எனக்குப் பெரிதும் உதவியது.

கவசத்துக்கு வருவோம். முழு உடலையும் மூடும் தகட்டுக்கவசம் 1,500 பொற்காசு. கூலியாளின் கணக்கில் இது 7,500 நாள் உழைப்பு. ஆண்டுக்கு 250 நாள் வேலை கிடைப்பதாகக் கொண்டால் முப்பது ஆண்டுகள். ஆயினும் கதையின் வீரர்கள் சில குகைகளைக் கொள்ளையிட்டதும் இதனை வாங்கிவிடுகின்றனர். இம்முரண்பாட்டைக் கைகக்ஸ் அறியாதவரல்லர். 1978 இல் வெளிவந்த விதிநூலிலே, விலைகள் ஏறிக் கிடப்பதற்குத் தங்கவேட்டைக் காலத்து அலாஸ்காப் பகுதியை அவர் ஒப்புமை காட்டுகிறார். சுரங்கத்தைத் தேடி வந்தோர் கையில் பொன் குவிந்திருக்க, மண்வெட்டியும் முட்டையும் யானை விலை விற்ற இடம் அது. நேர்மையான சமாதானம்தான். ஆனால் தங்கவேட்டைக்கு வெளியே மற்றொரு உலகம் இருந்தது. முட்டை அங்கிருந்துதான் வந்தது. விதிநூலில் அவ்வுலகத்தைக் காணோம்.

காசின் எடையும் இவ்வாறே. பழைய விதிகளின்படி பத்துக் காசு ஓர் இறாத்தல். அஃதாவது ஒரு காசு ஏறத்தாழ 45 கிராம். 1252 இலிருந்து புளோரன்ஸ் நகரம் அச்சிட்ட, ஐரோப்பா முழுவதும் மதிக்கப்பட்ட புளோரின் பொற்காசோ மூன்றரைக் கிராம் அளவினதே. பிற்காலப் பதிப்புகள் ஐம்பது காசுக்கு ஓர் இறாத்தல் என்று குறைத்துக்கொண்டன. பொன் அங்கே செல்வத்தின் அடையாளமாக அன்றி, சுமந்து திரிய வேண்டிய பாரமாகவே முதலில் எண்ணப்பட்டது போலும்.

கற்பனை இலக்கியமும் இதில் விளையாட்டுக்குச் சளைத்ததன்று. ரோல்கீனின் ‘ஹொபிட்’ (1937) கதையில் நாகம் காத்த பொற்குவியலை நாம் வியக்கிறோம். அவருடைய பெருங்காவியத்தின் இறுதியில் முடிசூடும் மன்னனின் வரிக்கொள்கை யாது என்று 2014 இல் ஜோர்ஜ் மார்ட்டின் ஒரு செவ்வியில் வினவியது பலராலும் எடுத்தாளப்பட்டது. வினா கூர்மையானது. எனினும் வரியிலிருந்து தொடங்குவது மேலிருந்து தொடங்குவதாகும் என்பது என் கருத்து. வரிக்கு முன்னர் விளைவு வேண்டும்.

ஆகவே எமது கற்பனை நாட்டை வயிற்றிலிருந்து கட்டத் தொடங்கினேன். மாணவர்கள் கோட்டையும் குதிரைவீரரும் பனிமலையும் கேட்டமையால் பயிராகக் கோதுமையையே வைத்துக்கொண்டேன். இடைக்கால ஐரோப்பாவில் கோதுமை விளைவு பெரும்பாலும் விதைத்ததைப்போல் மூன்று, நான்கு மடங்கே. நான்கு என்றே கொள்வோம். குடும்பமொன்று 1,000 இறாத்தல் விதைத்து 4,000 அறுக்கிறது. அதில் 1,000 மறுவருட விதை. பத்திலொரு பங்கு, 400, கோயிலுக்கு. பிரபுவுக்கு 600 என்று வைத்தேன். வரலாற்றிலே இதனிலும் கூடுதலாகப் பறித்தோர் உண்டு. மிஞ்சுவது 2,000. ஐந்துபேர் கொண்ட குடும்பம் ஓராண்டு உண்பதற்கு அது மட்டுமட்டாகப் போதும். இந்தச் சிறு கணக்கை ஒரு தாளில் எழுதிய அன்றே எனது நாட்டின் பாதி அமைந்துவிட்டது. பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேர் ஏன் மண்ணோடு கிடக்கிறார்கள், நகரம் ஏன் சிறியது, பிரபு ஏன் அறுவடை நாளில் ஆட்களோடு வந்து களத்தில் நிற்கிறான் என்பனவற்றை நான் தனித்தனியே கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை.

(கோதுமையை நெல்லாக மாற்றினால் நாடே மாறிவிடும் என்பதையும் இவ்விடத்தே சொல்லலாம். நெல் விதைக்குப் பன்மடங்கு தருவது. ஆனால் நீர் கேட்கும். நீர் என்றால் குளம், குளம் என்றால் ஆண்டுதோறும் அணையைப் பேணும் கூட்டுழைப்பு. இலங்கையில் 1830களின் தொடக்கத்தில் இராசகாரியம் ஒழிக்கப்பட்டபின் கிராமக் குளங்களைப் பேணுவது யார் என்ற சிக்கல் எழுந்ததும், 1856 இல் நீர்ப்பாசனச் சட்டமொன்று வேண்டியிருந்ததும் வரலாறு. அத்தகைய நாட்டை அமைக்கும் ஆசை எனக்கு இன்னும் உண்டு. ஆனால் அங்கே தனிவீரர் சுற்றித் திரியும் கதை பொருந்துமா என்பது ஐயமே.)

அடுத்தது பாதை. ரோமப் பேரரசன் டயோகிளீசியன் 301 இல் விதித்த விலைக்கட்டளையைக் கொண்டு ஏ. எச். எம். ஜோன்ஸ் என்ற வரலாற்றாசிரியர் ஒரு கணக்குச் செய்தார். தானியத்தை மத்தியதரைக் கடலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கப்பலில் அனுப்பும் செலவு, அதனை எழுபத்தைந்து மைல் வண்டியில் இழுத்துச்செல்லும் செலவிலும் குறைவு என்பதே அவர் கண்ட முடிவு. காரணம் எளிது: மாடு தின்னும். தானியம் சுமக்கும் மாடு தானியத்தைத் தின்றுகொண்டே நடக்கிறது. எனவே எமது மலைநாட்டுக்குச் சமவெளியிலிருந்து தானியம் வருவதில்லை. பாரம் குறைந்து பெறுமதி கூடியதும், இல்லாது வாழ முடியாததுமான பொருளே வரும். அது உப்பு. கண்டி இராச்சிய வரலாற்றை அறிந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1766 உடன்படிக்கையோடு கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமாக, மலைநாட்டு மன்னன் உப்புக்கும் கருவாட்டுக்கும் பிறர் கையிலிருந்த கரையையே எதிர்பார்த்திருந்தான். தவள மாடுகள் பாக்கைச் சுமந்து இறங்கி உப்பைச் சுமந்து ஏறின. எமது கதையிலும் பகைவன் படை எடுக்கவில்லை. கணவாயில் உப்புப் பொதியை நிறுத்திவிட்டான். மாணவர்கள் அதனைப் போர் என்று உணர மூன்று அமர்வுகள் சென்றன.

மந்திரம் என்ன செய்யும் என்று கேட்பீர்கள். உணவைப் படைக்கும் மந்திரமொன்று விதிநூலில் உண்டு. ஒருமுறை ஓதினால் பதினைந்து பேர் ஒருநாள் உண்ணலாம். கற்பனைப் பொருளாதாரங்கள் பெரும்பாலும் உடைவது இங்கேதான். ஆனால் அந்த மந்திரம் அறிந்த குருவை எந்த அரசன் ஊர் ஊராகத் திரிய விடுவான்? முற்றுகைக்கு அஞ்சும் கோட்டை ஒவ்வொன்றும் அவரைத் தன்னுள்ளே பூட்டி வைத்துக்கொள்ளாதா? எமது நாட்டில் அத்தகையோர் மூவர். மூவரும் அரண்மனைகளிலே மிக மரியாதையாகச் சிறையிருக்கின்றனர்.

காசு புழங்காத ஊரில் காசுக்கு என்ன வேலை என்பது இதனிலும் நுட்பமானது. சந்தை என்பது மனித வாழ்வின் இயல்பான ஒரே ஒழுங்கு என்ற எண்ணத்தைக் கார்ல் பொலான்யி 1944 இல் தமது பெருநூலிலே மறுத்தார். கொடுத்துப் பெறும் உறவும், நடுவிலொருவர் திரட்டிப் பங்கிடும் ஒழுங்கும் சந்தைக்கு நிகராக, பலவிடங்களில் சந்தையைக் காட்டிலும் வலிமையாக, வாழ்வைத் தாங்கியிருந்தன என்பது அவர் வாதம். நான் அமைத்த ஊரில் அறுபது குடும்பங்கள். கொல்லன் ஆண்டு முழுவதும் கலப்பைகளைத் திருத்துவான். அறுவடையில் வீட்டுக்கு இத்தனை கட்டு என்று கதிர் பெறுவான். முதல்நாள் அங்கு சென்ற மாணவர் ஒருவர் வாளைத் திருத்த ஒரு பொற்காசை நீட்டினார். ஐந்து நாட் கூலியான அக்காசுக்கு மாற்றிக்கொடுக்க ஊர் முழுவதிலும் சில்லறை இருக்கவில்லை. “இதை வைத்துக்கொண்டு நான் யாரிடம் போவது?” என்று கொல்லனாக நின்று நான் கேட்டேன். மாணவர் பட்டியலைக் காட்டினார். கொல்லனுக்கு வாசிக்கத் தெரியாது.

பொன் வெள்ளமாக வந்தால் என்னவாகும் என்பதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் மாலி நாட்டு மன்னன் மன்சா மூசா. 1324 இல் மக்கா செல்லும் வழியில் அவன் கெய்ரோவில் வாரியிறைத்த பொன்னால் அங்கு பொன்விலை வீழ்ந்தது என்றும், பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னும் மீளவில்லை என்றும் அல்-உமரி எழுதினார். ஆனால் அவர் தரும் எண்களை நோக்குக: ஒரு மிஸ்கால் பொன் 25 திர்கத்துக்குக் குறையாது விற்றது, பின் 22 ஐத் தாண்டவில்லை. வீழ்ச்சி எட்டிலொரு பங்கு அளவினதே. கெய்ரோ உலகின் பெருஞ்சந்தைகளுள் ஒன்று. வந்த பொன்னுக்கு எதிரே நிற்கப் பொருள் இருந்தது. பொருளே இல்லாத மலையூருக்கு அதே பொன் வந்தால் விலை ஏறுவதோடு நில்லாது.

எமது கதையில் அது நிகழ்ந்தது. வீரர்கள் ஒரு குகையிலிருந்து 4,000 பொற்காசுகளைக் கொண்டு வந்தார்கள். கணவாயை அடைத்திருந்த பகைவனின் கோட்டையை முற்றுகையிட 200 கூலிப்படையினரையும் 60 குதிரைகளையும் திரட்டினார்கள். ஆளுக்கு இரண்டு இறாத்தல், குதிரைக்குப் பத்து. நாளொன்றுக்கு 1,000 இறாத்தல். இரண்டு மாதத்துக்கு 60,000. ஊர்க் களஞ்சியத்தில் சரியாக அவ்வளவு இருந்தது. அறுபது குடும்பங்களின் விதை அது. பட்டியல் விலையில் அதன் பெறுமதி வெறும் 600 பொற்காசு.

ஊர் மூதாட்டியாக நான் பேசினேன். “தம்பிமாரே, இது விலைக்கு வைத்ததல்ல” என்றாள் அவள். விலையை மும்மடங்காக்கினார் பொறியியற்பீட மாணவர். குடும்பத்துக்கு முப்பது பொற்காசு. அவர்கள் கனவிலும் காணாத 150 நாட் கூலி. ஊர்க்கூட்டம் இரவு முழுவதும் நடந்தது. பனிக்கு முன் சமவெளியில் விதை வாங்கிவிடலாம் என்ற இளையோர் குரலே வென்றது. விற்றார்கள். அப்போது படுவான்கரை விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த மாணவர் மட்டும் தமது பாத்திரத்தை மறந்து, “சேர், விதையை ஒருத்தரும் விற்கமாட்டினம்” என்றார். விற்கச் செய்துவிட்டார்களே என்றேன்.

முற்றுகை வென்றது. மாரி கழிந்து வீரர்கள் திரும்பியபோது பதினொரு வீடுகள் பூட்டிக் கிடந்தன. அவற்றுள் கொல்லன் வீடும் ஒன்று. பனி விழுமுன் சமவெளி வணிகன் ஒருவன் ஒருமுறை மட்டும் பத்து மாட்டுச் சுமையோடு வந்து இறாத்தல் பத்துச் செப்புக்காசு வீதம் விற்றுப் போயிருந்தான். 1,000 இறாத்தலை விற்றுப் பெற்ற பொன் 300 இறாத்தலையே மீட்டுத்தந்தது. அதுவும் ஐந்து குடும்பங்களுக்கு. மற்றவர் வீடுகளில் பொன் அப்படியே இருந்தது. மிஞ்சியிருந்த உணவை விதைத்தால் அறுவடைவரை பட்டினி. விதையாவிட்டால் மறுவருடம் பட்டினி. போனவர்கள் சமவெளிப் பிரபுக்களின் நிலத்தில் கடனடிமைகளாயினர்.

மேசையில் நெடுநேரம் எவரும் கட்டையை எடுக்கவில்லை. பின்னர் பேச்சு எமது நாட்டுக்குத் திரும்பியதில் வியப்பில்லை. 2021 மேயில் அசேதனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்து நவம்பரில் தளர்ந்ததையும், இடைப்பட்ட காலத்தில் தமது தந்தையார் காசை மடியில் வைத்துக்கொண்டு கடை கடையாக அலைந்ததையும் படுவான்கரை மாணவர் சொன்னார். 2022 செப்ரெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி ஆண்டுப் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. அவ்வெண்ணை விரிவுரையில் நான் பலமுறை எழுதியிருக்கிறேன். ஆயினும் காசு இருக்கப் பொருள் இல்லாமற்போவதும், பொருள் இருக்கக் காசு இல்லாமற்போவதும் இருவேறு துன்பங்கள் என்பதை அன்றிரவு அவர்கள் தாங்களாகவே பிரித்துப் பேசினார்கள். தானியத்தின் நியாயவிலைக்காகக் கூட்டம் திரண்ட பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தைப் பற்றி ஈ. பி. தொம்சன் 1971 இல் எழுதிய கட்டுரையை மறுநாள் இருவர் என்னிடம் கேட்டு வாங்கிப் போயினர். பாடத்திட்டத்தில் அது பல ஆண்டுகளாக இருந்து வருவது.

தாம் செய்ததைச் சீர்செய்ய வேண்டும் என்று வீரர்கள் முடிவுசெய்துள்ளனர். பள்ளத்தாக்கு முழுவதும் தேடி நாற்பது பொதிமாடுகள் கிடைத்தன. ஒன்று 160 இறாத்தல் சுமக்கும்; மொத்தம் 6,400. சமவெளியிலிருந்து பன்னிரண்டு நாட் பயணம், திரும்பிச்செல்லவும் பன்னிரண்டு. இருவழியிலும் ஐந்தைந்து நாள் புல்லற்ற கணவாய். அங்கே மாடொன்றுக்கு நாளுக்கு ஐந்து இறாத்தல் தானியம் கொடுத்தாக வேண்டும், அது 2,000. பத்து மாட்டுக்காரரின் சாப்பாடு 480. ஊரில் இறங்குவது 3,920. நான்கு குடும்பங்களின் விதைக்கே அது போதாது.

எஞ்சிய நாற்பத்தொன்பது குடும்பங்களுக்கும் சமமாகப் பங்கிடலாம் என்றார் பொறியியற்பீட மாணவர். வீட்டுக்கு 80 இறாத்தல். அதனை விதைத்து 320 அறுத்தால் இரண்டு மாதமும் தாங்காது என்றார் படுவான்கரை மாணவர். நால்வருக்குக் கொடுத்து, அடுத்த அறுவடையில் அவர்கள் ஏனையோர்க்குக் கொடுப்பதே வழி என்பது அவர் கட்சி. எந்த நால்வர், அவர்கள் கொடுப்பார்கள் என்பதற்கு யார் பிணை என்று மருத்துவபீட மாணவி கேட்டார். சீட்டுக் குலுக்கலாம் என்ற யோசனையை எவரும் ஏற்கவில்லை. மணி பதினொன்றைத் தாண்டியும் முடிவு காணாமலே கலைந்தோம். கணவாயில் புல் முளைக்கும்வரை மூன்று வாரம் பொறுத்தால் 2,000 இறாத்தல் மிஞ்சும் அல்லவா என்று இப்போது ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். மிஞ்சும். ஆனால் விதைப்புக்கு இன்னும் பதினாறு நாட்களே உள்ளன.